தார் பாலைவனம்: மழைக்காற்று வந்த பிறகும் மழைக்குக் காத்திருப்பது ஏன்?

ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் செய்திகளில் ஒரு வரைபடம் வரும். கேரளத்தில் தொடங்கும் ஒரு கோடு நாளுக்கு நாள் வடக்கே ஏறும். ஜூலை முதல் வாரம் போல அது ராஜஸ்தானின் மேற்கு மூலையைத் தாண்டியதும், 'நாடு முழுவதும் பருவமழை பரவியது' என்று தலைப்புப் போடுவார்கள். அன்று ஜெய்சல்மேரில் மழை கொட்டுகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளில் அங்கே அன்று புழுதிதான் பறக்கும்.

இன்னொரு பேச்சும் நம் ஊர்களில் உண்டு. "வெயில் இந்தப் போடு போடுதே, அப்போ மழை நல்லா இருக்கும்" என்பார்கள். இந்தியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். 2016 மே 19-ஆம் தேதி, தார் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள பலோடியில் அது பதிவானது. அந்த ஆண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 97 சதவீதம். அதாவது, கொஞ்சம்கூட அதிகமில்லை.

இந்த இரண்டு எண்ணங்களும் ஒரே அரை உண்மையிலிருந்து வருகின்றன: சூடு காற்றை இழுக்கும், காற்று வந்தால் மழை பெய்யும். மேற்கு ராஜஸ்தானில் ஆண்டு மழையில் பத்தில் ஒன்பது பங்கு பருவமழையின் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. அங்கிருப்பவர்களின் குடிநீரும் கம்பும் கால்நடைத் தீவனமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அவ்வளவு முக்கியமான ஒன்றைத் தவறாகப் புரிந்துவைத்திருக்க வேண்டாமே. வானிலை அறிவியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி அடியிலிருந்தே பார்க்கலாம்.

## கடற்காற்றிலிருந்து தொடங்கலாம்

சென்னையில் கோடைக்காலத்து மத்தியானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் இருக்கும் காற்று சூடாகி, லேசாகி, மேலே எழுகிறது. அந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. இதைத்தான் காற்றழுத்தத் தாழ்வு என்கிறோம்: சுற்றுப்புறத்தைவிட அங்கே காற்றின் எடை குறைவு. அந்தக் குறையை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. அதுதான் கடற்காற்று.

இதையே பெரிதாக்குங்கள். தரைக்குப் பதில் இந்தியத் துணைக்கண்டம், கடலுக்குப் பதில் இந்தியப் பெருங்கடல், ஒரு பிற்பகலுக்குப் பதில் பல மாதங்கள். பூமி சுழல்வதால், தெற்கிலிருந்து பூமத்திய ரேகையைக் கடந்து வரும் காற்று வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து நம்மை வந்தடைகிறது. பருவக்காற்றுக்கு நிலமும் கடலும் வெவ்வேறாகச் சூடாவதே காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686-லேயே எழுதினார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். நம் பள்ளிப் புத்தகங்கள் இன்றும் ஏறக்குறைய அவர் சொன்னதைத்தான் சொல்கின்றன.

மே, ஜூன் மாதங்களில் துணைக்கண்டத்தின் மிகச் சூடான பகுதி தார், சிந்து, பலுசிஸ்தான் வட்டாரம். அங்கே ஒரு பெரிய தாழ்வு உருவாகி நிலைத்து நிற்கிறது. தரையின் சூட்டினால் மட்டுமே உண்டாகும் இதை வெப்பத் தாழ்வு என்பார்கள். மழை தரும் தாழ்வுகள் வேறு வகை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## கதை இடிக்கும் இடம்

கடற்காற்றுக் கதை முழு உண்மையாக இருந்தால், மிகச் சூடான இடத்தில்தானே மிக அதிக மழை பெய்ய வேண்டும்? நடப்பது நேர்மாறு. ஜெய்சல்மேருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 20 செ.மீ.க்கும் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. ஆண்டுக்கு 1,100 செ.மீ.க்கும் மேல் பெறும் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் மே மாதத்திலும் குளுகுளுவென்று இருக்கும் மலையூர்கள்.

இன்னொரு இடறலும் உண்டு. மழை பெய்யத் தொடங்கியதும் நிலம் குளிர்ந்துவிடுகிறது. ஜூலையைவிட மே மாதத்தில்தான் நிலம் சூடு. வெப்பம் மட்டுமே காற்றை இழுத்தால், நான்கு நாள் மழையில் பருவக்காற்று நின்றுபோக வேண்டும். நிற்பதில்லை, செப்டம்பர் வரை ஓடுகிறது. போதாததற்கு, மழை பொய்த்த ஆண்டுகளில்தான் நிலம் அதிகம் காய்கிறது. மேகம் இல்லாததால் வெயில் நேரே இறங்குகிறது, அவ்வளவுதான். அங்கே சூடு மழையின்மையின் விளைவு. "வெயில் அதிகம், ஆகவே மழை அதிகம்" என்ற கணக்கு இதனால்தான் தேறுவதில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கில் இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தி எழுதினார். அவர் முன்வைத்த படம் வேறு. வெப்பமண்டலத்தில் இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்தித்து மேலெழும் இடத்தில், உலகைச் சுற்றி ஒரு மேகப்பட்டை இருக்கிறது. சூரியன் வடக்கே நகர நகர அதுவும் நகரும். மற்ற கடல்களின்மேல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும் அது, நம் பக்கம் மட்டும் நிலத்தின்மேல் ஏறி வட இந்தியா வரை வந்துவிடுகிறது. அங்கே அது ஒரு நீண்ட தாழ்வழுத்தப் பள்ளமாகக் கிடக்கும். ராஜஸ்தானின் கங்காநகர் பக்கம் அதன் மேற்கு முனை, வங்கக்கடலின் தலைப்பகுதியில் கிழக்கு முனை.

ஒரே பள்ளத்தின் கிழக்கு முனையில் பேய்மழை, மேற்கு முனையில் பாலைவனம். நமக்கு விடை வேண்டிய கேள்வி இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலத்தின் சூடு காற்றை உள்ளே அழைக்க உதவுகிறது, ஆனால் மழையின் அளவை அது தீர்மானிப்பதில்லை. தார் பாலைவனம் தாழ்வழுத்தத்தின் நடுவே இருக்கிறது, இருந்தும் காய்கிறது.

## ஈரம் எவ்வளவு உயரம் வரை?

ஜூன் கடைசியில் அரபிக்கடலிலிருந்து தென்மேற்குக் காற்று தார்மேல் பலமாகவே வீசுகிறது. கடலிலிருந்து வருவதால் அதில் ஈரமும் உண்டு. ஆனால் அந்த ஈரக்காற்றின் அடுக்கு மெல்லியது, தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரைதான். அதற்கு மேல் வீசுவது ஈரான், ஆப்கானிஸ்தான், அரேபியப் பக்கத்திலிருந்து வரும் வறண்ட காற்று.

இடிமழை தரும் மேகம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வளர வேண்டும். தார்மேல் சூடான காற்று எழத்தான் செய்கிறது. அதற்கு வேகம்கூட உண்டு. எழுந்து அந்த வறண்ட அடுக்குக்குள் நுழைந்ததும், அதில் இருந்த ஈரம் சுற்றியுள்ள வறட்சியில் கலந்து கரைந்துவிடுகிறது. வானில் சின்னச் சின்ன மேகத் துணுக்குகள் தோன்றி மறையும். சில நாள் மேகம் கொஞ்சம் வளர்ந்து, அதன் அடியிலிருந்து மழைக்கால்கள் தொங்குவதுகூடக் கண்ணுக்குத் தெரியும். மேகத்துக்குக் கீழே உள்ள காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் துளிகள் பாதி வழியில் ஆவியாகிப்போகும், தரைக்கு ஒன்றும் வராது. காத்திருக்கிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே பாலைவனத்தில் மழை வருமா என்று பார்க்க, காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது மட்டும் போதாது. ஈரம் எவ்வளவு உயரம் வரை நிரம்பியிருக்கிறது என்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

## கிழக்கே பெய்யும் மழை மேற்கை உலர்த்துகிறது

மேலே ஏன் வறண்ட காற்றே நிற்கிறது? இந்தப் பகுதி கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டியது, ஆனால் விஷயத்தின் அழகு இங்கேதான் இருக்கிறது.

நீர் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பம் தொலைந்துபோவதில்லை, நீராவியோடு ஒளிந்து பயணம் செய்கிறது. இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஆவி மீண்டும் துளியாகும்போது அந்த வெப்பம் வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் உயரே போகிறது, கீழே மேலும் ஈரக்காற்று வந்து சேர்கிறது. நிலம் குளிர்ந்த பிறகும் பருவமழை நிற்காமல் ஓடுவது இதனால்தான். மழை தன் சொந்த வெப்பத்திலேயே ஓடுகிறது.

வங்கக்கடலிலும் கிழக்கு இந்தியாவிலும் இப்படி மலைமலையாகக் காற்று மேலே போனால், அது எங்காவது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். 1996-ல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். ஆசியப் பருவமழை வெளிவிடும் வெப்பமே அதற்கு மேற்கிலும் வடமேற்கிலும் காற்றைக் கீழிறங்கச் செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், மேகங்களைக் கரைக்கும். மத்திய ஆசியா முதல் கிழக்கு மத்தியதரைக்கடலும் கிழக்கு சஹாராவும் வரை கோடையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தார் பாலைவனம் சரியாக எல்லையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்குப் பக்கம் காற்று ஏறும் உலகம், மேற்குப் பக்கம் இறங்கும் உலகம்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆரவல்லி மலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரபிக்கடல் காற்றுக்கு இணையாக அந்த மலைத்தொடர் கிடப்பதால் காற்றைத் தடுத்து ஏற்றுவதில்லை, அதனால் தாரில் மழை இல்லை என்பது பாடம். அதில் உண்மை இருக்கிறது. தொடரின் தென்மேற்கு முனையில் உயர்ந்து நிற்கும் மவுண்ட் அபுவில் சுமார் 150 செ.மீ. பெய்கிறது, மலை ஏற்றிவிட்டால் மழை கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்வது போதாது. மலையே இல்லாத கங்கைச் சமவெளியில் நல்ல மழை பெய்கிறதே! மேலே ஈரம் இருந்தால் சமவெளியிலும் பெய்யும்.

ஆக, தார்மேல் காற்று வருகிறது, சூடு இருக்கிறது, கீழ் அடுக்கில் ஈரமும் இருக்கிறது. மேல் அடுக்குகளில் வறண்ட காற்று இறங்கிக்கொண்டே இருப்பதால் மேகம் வளர முடியவில்லை.

## அப்படியானால் மழை எப்படித்தான் பெய்கிறது?

வங்கக்கடலில் பருவகாலம் முழுவதும் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வானொலியில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று கேட்டுப் பழகிய அதே வகை. இவை பெரும்பாலும் அந்த நீண்ட பள்ளத்தை ஒட்டியே மேற்கு, வடமேற்காக நகரும். ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று பெய்துகொண்டே போகும். பல, மத்தியப் பிரதேசத்திலோ கிழக்கு ராஜஸ்தானிலோ வலுவிழந்துவிடும். சில மட்டும் மேற்கு ராஜஸ்தான் வரை தாக்குப்பிடிக்கும்.

அப்படி ஒன்று வந்து சேரும்போது, அதன் வட பக்கத்தில் வீசும் கிழக்குக் காற்று ஈரத்தைப் பல கிலோமீட்டர் உயரம் வரை நிரப்பிவிடுகிறது. தெற்கிலிருந்து அரபிக்கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வறண்ட அடுக்கு ஓரிரு நாளுக்கு விலகுகிறது. அவ்வளவு நாளும் வளர முடியாமல் கிடந்த மேகம் சட்டென்று வளர்ந்துவிடும்.

பாலைவனத்தில் மழை சீராகப் பெய்யாமல் மொத்தமாகக் கொட்டுவது இதனால்தான். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை சில நாள்களில் பெய்தது. கவாஸ் என்ற ஊர் மூழ்கியது. மண்ணுக்கு அடியில் இருந்த ஜிப்சம் அடுக்கு நீரை உறிஞ்சவிடாததால் வெள்ளம் வாரக்கணக்கில் வடியவில்லை. மணல் பூமி, எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2023 ஜூன் நடுவில் பிபர்ஜாய் புயல் குஜராத்தின் ஜக்காவ் அருகே கரையைக் கடந்து, அப்புறம் ராஜஸ்தானுக்குள் போய் பார்மேர், ஜாலோர் பகுதிகளில் பெருமழை தந்தது. 'பாலைவனத்துக்குப் பருவமழை முன்கூட்டியே வந்துவிட்டது' என்று அப்போது பலர் பகிர்ந்தார்கள். அது புயல் மழை. புயல் போனதும் அந்த ஈரமும் போய்விட்டது, பருவக்காற்று பிறகுதான் வந்தது. மே, ஜூனில் ஆந்தி எனப்படும் புழுதிப்புயலோடு வரும் திடீர்த் தூறலும் அப்படித்தான், பருவமழைக் கணக்கில் அது சேராது.

## 'வந்துவிட்டது' என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேரளத்துக்குத் தெளிவான விதிகள் உண்டு. குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 சதவீதம் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெற வேண்டும். மேற்குக் காற்று சுமார் நான்கு கிலோமீட்டர் உயரம் வரை நிலைத்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் பதிவிலும் போதிய மேகமூட்டம் தெரிய வேண்டும். மழை, காற்று, மேகம் மூன்றையும் சேர்த்துத்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கிறது.

பிறகு வடக்கே போகப்போக, பருவமழை எட்டிய கடைசி இடங்களை இணைத்து ஒரு கோடு வரைகிறார்கள். அதன் பெயர் பருவமழையின் வட எல்லைக் கோடு. நாம் வரைபடத்தில் பார்ப்பது இதைத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க மழை, அந்தப் பக்கம் முழுக்க வெயில் என்று அதற்குப் பொருள் கிடையாது. கோடு தாண்டிய பகுதியில் மழைக்கு ஏற்ற சூழல் அமைந்துவிட்டது என்பதே பொருள்.

கோடு சீராக நகர்வதும் இல்லை. 2013-ல் ஜூன் 16-ஆம் தேதியே நாடு முழுவதையும் கடந்துவிட்டது. 2021-ல் ஜூன் 19 வாக்கில் பார்மேரை எட்டியது, பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் அங்கேயே நின்றது. கடைசியில் ஜூலை 13-ஆம் தேதிதான் நாடு முழுவதும் பரவியதாக அறிவித்தார்கள். அந்த மூன்று வாரத்தில் கோட்டுக்கு அப்பால் இருந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கோடு கடந்த பிறகும் தவிப்பு முடிவதில்லை. சில சமயம் அந்தத் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும். அப்போது மலையடிவாரத்தில் வெள்ளம், மற்ற இடங்களில் வெயில். இதைப் பருவமழை இடைவெளி என்பார்கள். 2002 ஜூலையில் நாடெங்கும் மழை பொய்த்தது. அந்தப் பருவம் முழுவதிலும் மேற்கு ராஜஸ்தானுக்கு இயல்பான மழையில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

## தரையில் நின்று பார்த்தால்

மே மாதத்தில் அங்கே வீசும் அனல்காற்றுக்கு லூ என்று பெயர். வியர்வை தோலில் நிற்காது, வருவதற்குள் காய்ந்துவிடும். ஜூன் கடைசியில் நிலைமை மாறுகிறது. பகல் வெப்பம் கொஞ்சம் குறையும், ஆனால் புழுக்கம் தாங்காது, இரவும் குளிராது. வெப்பமானியைவிட இந்த மாற்றத்தை நன்றாகக் காட்டுவது பனிநிலை என்ற அளவு. காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஆவி நீராகுமோ அதுதான் பனிநிலை. அது உயர்ந்தால் காற்றில் ஈரம் கூடியிருக்கிறது என்று பொருள். மே மாத வறண்ட நாள்களில் தாரில் அது 10 டிகிரிக்கும் கீழே போகும். பருவக்காற்று நிலைத்த பிறகு 23, 24 டிகிரியில் நிற்கும். ஆனால் அது தரையோரத்து ஈரத்தை மட்டுமே காட்டும். மேலடுக்கு நிலவரம் தெரிய பலூன் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

விவசாயிக்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாடு. அங்கே முதன்மைப் பயிர் நம் கம்புதான். கூடவே நரிப்பயறு, பாசிப்பயறு, கொத்தவரை. புழுதி அடங்கும் அளவுத் தூறலில் விதைத்துவிட்டால் முளைத்தது கருகும், விதை போச்சு. விதை விழும் ஆழம் வரை மண் நனையும் ஒரு நல்ல மழை வேண்டும். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி வந்தால் திரும்பவும் விதைக்க வேண்டியிருக்கும். ரொம்பத் தள்ளிப்போட்டாலும் கதிர் முற்றப் போதிய ஈரம் இருக்காது. பல வயல்களின் நடுவே நிற்கும் மரம் கேஜ்ரி, நம் ஊர்க் கோயில்களில் பார்க்கும் அதே வன்னி. ஆழ வேரோடி மழை தவறினாலும் பச்சையாக நிற்பதால், தழையாவது ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் கிடைக்கும்.

மழை இரண்டு மூன்று முறைதான் சரியாகப் பெய்யும், பெய்தால் கொட்டும் என்பதை அந்த மக்கள் எந்த வரைபடமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். ஜெய்சல்மேர் பக்கத்துக் கடீன் அதற்குச் சான்று. பாலிவால் சமூகத்தினர் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவலாக்கிய முறை அது. பாறை மேட்டிலிருந்து ஓடிவரும் நீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள். நீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும். குளிர்காலம் தொடங்கும்போது அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குமேல் பாசனம் கிடையாது. ஆகஸ்டில் ஒரே ஒருமுறை கொட்டியது, மார்ச்சில் கோதுமையாகிறது! குடிநீருக்கு டாங்கா என்ற நிலத்தடித் தொட்டி. அதைச் சுற்றி மண்ணைச் சரிவாக மெழுகி, பெய்யும் நீர் முழுவதும் அதற்குள்ளேயே ஓடும்படி செய்வார்கள்.

## கடைசியில் வந்து, முதலில் போவது

நாட்டில் பருவமழை கடைசியாக எட்டும் இடமும் மேற்கு ராஜஸ்தான், முதலில் விலகும் இடமும் அதுவே. விலகலுக்கும் விதி உண்டு. செப்டம்பர் 1-க்குப் பிறகு தொடர்ந்து ஐந்து நாள் மழை இருக்கக் கூடாது. கீழ் அடுக்குகளில் காற்று வெளிநோக்கிச் சுழலும் உயரழுத்தம் அமைய வேண்டும். காற்றில் ஈரம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். இவை நிறைவேறினால் அறிவிப்பு வரும்.

இந்தத் தேதிகளை 2020-ல் திருத்தினார்கள். அதற்கு முன் பருவமழை நாடு முழுவதும் பரவும் இயல்பான நாள் ஜூலை 15, மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1. அண்மைப் பல பத்தாண்டுகளின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டதில் இப்போது அவை ஜூலை 8, செப்டம்பர் 17. வருகை ஒரு வாரம் முந்தியது, விலகல் இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. பருவமழை இயல்பாக அங்கே தங்கும் காலம் கணக்கில் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கும் மேலாக நீண்டுவிட்டது. பிள்ளைகளின் புத்தகத்தில் பழைய தேதிகள் இருந்தால் பென்சிலால் திருத்திக் கொடுங்கள்.